மாரமங்கலம் பஸ்ஸும் என் முதல் பரிசுக் கட்டுரையும்

சர்ரக், சர்ரக். தகரக் கூரைமேல் மழை கொட்டும்போதும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். சிவப்புப் பென்சில் காகிதத்தின் குறுக்கே ஓடும் சத்தம். எழுத்து என்கிற தொழிலில் எல்லாரும் முதலில் வாங்குவது அடிதான். எனக்கு அது எழுபதுகளின் நடுவில், ஏற்காட்டில் ஒரு சின்ன மகளிர் கல்லூரியின் கட்டுரைப் பயிற்சி வகுப்பில் விழுந்தது. கல்லூரி இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தில் சுற்றுலா விடுதி நடக்கிறது. கட்டுரை நோட்டில் சிவப்பு வாங்கி வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் என் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சேலத்திலிருந்து புறப்பட்டோம்

முதல் தலைப்பு, "நான் கண்ட மலைவாசஸ்தலம்". வகுப்பில் இருந்த அத்தனை பேரும் மலைமேல் குடியிருப்பவர்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள் விஜயா, தபால்காரர் மகள், பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தவரின் மகளான நான். ஆனால் எல்லார் நோட்டிலும் ஒரே ஆரம்பம்: "அதிகாலையில் சேலத்திலிருந்து பேருந்தில் புறப்பட்டோம்." கைடில் அப்படித்தான் இருந்தது.

"ஏம்புள்ள, உங்க ஊடு அதோ ஜன்னல்ல தெரியுது. நீ எதுக்குச் சேலம் போயி பஸ் ஏறுன?" என்று விஜயாவைக் கேட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "இங்கயே இருந்தா அரைப் பக்கத்துல கட்டுரை முடிஞ்சுருமே புள்ள. கொண்டை ஊசி வளைவுக்கே ஒரு பக்கம் வருது."

காயாத பாவாடை

நான் சேலம் போகவில்லை. ஐப்பசி மழையில் எங்கள் துணி காயாது என்று எழுதினேன். டீக்கடை அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அம்மா என் பாவாடையைப் போடுவாள். புகை நாற்றத்தோடுதான் நான் கல்லூரிக்கு வருவேன். மூடுபனியை எல்லாரும் அழகு என்கிறார்கள். அது வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையிலும் உட்காரும். இவ்வளவுதான் எழுதியிருந்தேன். நன்றாக வருகிறது என்று எழுதும்போதே தெரிந்துவிட்டது.

எங்கள் தமிழய்யா கீழே சேலத்திலிருந்து தினமும் வந்து போகிறவர். கெட்டவர் இல்லை. யார்மீதும் குரல் உயர்த்தியதே கிடையாது. கத்துகிறவரோடு சண்டையாவது போடலாம், இவரை என்ன செய்வது? பாவாடையைச் சிவப்பில் அடித்தார். அரிசிப் பானையை அடித்தார். மூடுபனியை மட்டும் விட்டுவைத்து, அதன் தலைமேல் "இயற்கை எழில் கொஞ்சும்" என்று எழுதினார். பிறகு நோட்டை மூடி, பரிவாகவே சொன்னார்: "ஏற்காட்டைப் பாக்க வர்றவங்க மாதிரி எழுதும்மா. ஏற்காட்டுல இருக்கறவ மாதிரி எழுதாத."

ஊடு

முத்தம்மா, மலையில் இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் மாரமங்கலத்துக்காரி. கொய்யாவும் பேரிக்காயும் கூடையில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விற்றுவிட்டு எங்கள் கடையில் டீ குடிப்பாள். அவள் மகள் ராசாத்தி ஏற்காடு டவுன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தாள். மழையில் ரோடு அரித்ததென்று அவர்கள் ஊருக்குச் சாயங்கால பஸ்ஸை நிறுத்தினார்கள். ரோட்டைச் சரி பண்ணிய பிறகும் பஸ் திரும்பவில்லை. வேறு பஸ்ஸில் பாதி தூரம் போய் இறங்கி, மீதியைக் காப்பித் தோட்டத்து நடுவே அந்தப் பெண் இருட்டில் நடந்தாள். பெரிய பரீட்சைக்குள் பஸ் வராவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதென்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

எங்கள் கல்லூரி ஆண்டு மலரை ஒரு பெரிய அதிகாரி வந்து வெளியிடப் போகிறார் என்று முத்தம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "மனுவெல்லாம் குடுத்துக் குடுத்து ஓஞ்சு போச்சு கண்ணு. நீ பொஸ்தகத்துல எழுதறயாமா? எங்கூரு பஸ்ஸை எழுது சாமி" என்றாள். எழுதினேன். அவள் சொன்னதை அவள் வாயில் வந்தபடியே எழுதினேன்: "இருட்டுனா, புள்ள ஊடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்லீங்க." முத்தம்மா "ஊடு" என்று சொன்னால் அதற்குள் அடுப்பு எரிகிற வெளிச்சம் தெரியும். தமிழய்யா ஊட்டை அடித்து "இல்லம்" என்று எழுதினார். உசுரு "ஆவி" ஆயிற்று. "அது அவங்க பேசுனதுங்கய்யா" என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைக்காமல் சொன்னார்: "அவங்க பேசட்டும்மா, யாரு வேண்டாம்னா? நீ படிச்ச புள்ள. அவங்களுக்கும் சேத்து நீ திருத்தமாப் பேசு."

அச்சில் வந்தது

வெளியீட்டு விழாவுக்கு முன்பே ஆண்டு மலர் எங்கள் கைக்கு வந்தது. என் பெயர் இருந்தது, முதல் பரிசு என்றும் போட்டிருந்தது. தலைப்பு மட்டும் "மலையரசியின் மடியில்" என்று மாறியிருந்தது. உள்ளே பஸ்ஸைத் தேடினேன். இல்லை. முத்தம்மாவைத் தேடினேன். இல்லவே இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "கதிரவன் மேற்கே மறைய, பள்ளி மாணவியர் பசுஞ்சோலைகளின் ஊடே மகிழ்ந்து நடந்து செல்வர்." மகிழ்ந்து! ஒரு குழந்தையின் பயத்தை எடுத்து அதற்குப் பூ வைத்துவிட்டிருந்தார்கள்.

படித்துக் காட்டச் சொல்லி முத்தம்மா கடையில் வந்து உட்கார்ந்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, அச்சில் இருந்ததை அப்படியே படித்தேன். அவள் டீ ஆறும்வரை முழுக்கக் கேட்டாள். பிறகு குறை சொல்லாமல் கேட்டாள்: "நொம்ப நல்லா இருக்குது. இது எந்த ஊரு கண்ணு?"

மைக் முன்னால்

பரிசுக் கட்டுரையை வெளியீட்டு விழா மேடையில் படிக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். அதிகாரி மாலையோடு உட்கார்ந்திருந்தார். "மகிழ்ந்து நடந்து செல்வர்" வரை படித்தேன். வெட்கத்தால் நின்றேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் நின்றது கோபத்தில். மலரை மூடிவிட்டுச் சொன்னேன்: "மாரமங்கலத்துக்குச் சாயங்கால பஸ் இல்லீங்க. முத்தம்மா மக ராசாத்தி இருட்டுல நடந்து ஊடு போறா."

பிறகு எவ்வளவோ எழுதிவிட்டேன். எழுத உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் புதிதை அளக்கிறேன். கட்டுரைப் பயிற்சி வகுப்பு எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது என்றால், அது அந்த மேடையில்தான், அந்த வகுப்பை மீறித்தான். அன்று முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தமிழய்யா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பரிசான எவர்சில்வர் தட்டை என் கையில் கொடுத்து, புகைப்படத்துக்கு முகத்தைத் திருப்பியபடியே சொன்னார்: "கட்டுரை பிரமாதம் பாப்பா. அந்தக் கடைசி ரெண்டு வரி மட்டும் ஒட்டலை, எடுத்துடு."

கட்டுரைப் பயிற்சியில் நான் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது ராசாத்தி வரவில்லை, எஸ்டேட்டுக்குக் களை எடுக்கப் போய்விட்டாள்.