அக்கா கேட்ட ஓர் ஆள் அகலம்

குடவாசல் கடைத்தெருவில் இரண்டு மாடிக் கட்டடம். கும்பகோணம் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபம். சுற்றுப்பட்ட ஊர்களில் நூற்றுக்கு மேல் வீடுகள். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், பெரிய வாய்க்காலுக்கு ஒரு மதகு. எங்கள் ஊர்ச் சிவன் கோயில் பிரகாரம் முழுவதும், குனிந்தால் முகம் தெரிகிற கிரானைட் தரை. இவ்வளவையும் செய்தவன் நான், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சுமந்து, சிங்கப்பூரில் கொத்து வேலை பார்த்து, திரும்பி வந்து, இன்ஜினியர் போட்ட பிளானில் தப்புச் சொல்கிற அளவுக்கு வந்தவன். பெருமை பேசுகிறான் என்று யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். பொய் பேசுகிறான் என்று சொல்ல முடியாது.

அந்தக் கிரானைட் தரையில்தான் அக்கா விழுந்தார். பிறகு எழுந்து நடக்கவில்லை.

முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் மாமா என்று அக்காவின் மகன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தான். இந்த ஒன்றை மட்டும் எழுத வேண்டாம் என்றும் சொன்னான். நான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அக்கா பிறந்தது காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் ஊரில்தான். அம்மா போனபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அக்கா பிறத்தியார் வயலில் நடவுக்கும் களையெடுக்கவும் போய் எங்கள் இருவருக்கும் சோறு போட்டார். உள்ளூரிலேயே, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த அத்தானைக் கட்டிக்கொண்டதும் எங்களை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான். அத்தானும் பத்து வருடத்தில் போய்விட்டார். அக்கா தனியாகவே ஒரே மகனைப் படிக்க வைத்தார். அவன் படித்தான், சென்னைக்குப் போனான், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனான். அக்கா ஒருமுறை போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, எல்லாம் சுத்தமாக இருந்தது, நடந்து போய்ச் சேர ஓர் இடம்தான் இல்லை என்றார்.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை காய்ந்த காலத்தில்தான் நான் சிங்கப்பூர் போனேன். திரும்பி வந்தபோது ஊரே மாறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். ஒவ்வொருவரும் பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு மாடி எழுப்பினார்கள். பக்கத்து வீட்டில் பால்கனி வைத்தால் இவர்களுக்கும் பால்கனி வேண்டும். உட்கார ஆள் இல்லாவிட்டாலும் வேண்டும். அந்த ஆசையெல்லாம் எனக்கு வேலையாக வந்தது. நான் வளர்ந்தது அதில்தான், மறைக்கவில்லை.

அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுக்காத பொருள் இல்லை. கோடாலித் தைலம் டஜன் டஜனாகக் கொண்டுவந்தேன். கோயிலுக்கு வருகிற முழங்கால் வலிக்காரர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். டிவி பெட்டிக்கு உறை தைத்துப் போட்டு மூடியே வைத்திருந்தார். பிரிட்ஜ் வாங்கி இறக்கி ஒரு மாதம் கழித்துப் போய்த் திறந்து பார்த்தேன். உள்ளே அத்தனை தட்டிலும் ஈரத் துணி சுற்றிய பூ.

“பால்கூட இல்லையேக்கா. இதுக்கா வாங்கிக் குடுத்தேன்?”

“பால வாசல்லயே கறந்து ஊத்துறாங்க. பூதான் சாயங்காலத்துக்குள்ள வாடிப்போவுது. சாமி ஜில்லுன்னு இருக்கட்டுமே, உனக்கு என்னடா?”

காலையும் மாலையும் கோயிலைப் பெருக்கிக் கோலம் போட்டு, பிரகாரத்தைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுவார். எண்ணிக்கைக்குக் கையில் பன்னிரண்டு புளியங்கொட்டை. எனக்கு அதெல்லாம் ஓடாது. நான் கோயிலுக்குப் போனால் தூணைத்தான் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், துபாயில் இருப்பவர், தங்கள் அம்மன் கோயிலுக்கு மார்பிள் போட்டார். சுற்றுப்பட்ட ஊர்க்காரர்களெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் கோயிலில் கிடந்தது பழைய கருங்கல், கொத்துளி பட்ட தடம் அப்படியே இருக்கும். கோயில் கமிட்டியிடம் போய் மொத்தத்தையும் நானே மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கல் பட்டறையில் இரண்டு விதம் காட்டினார்கள். ஒன்று மெருகு போட்டது, ஒன்று நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கியது. கோயிலுக்கு என்றால் சொரசொரப்பு எடுங்கள் மேஸ்திரி என்று பட்டறைக்காரரே சொன்னார். நான் மெருகு போட்டதை எடுத்தேன். என் தொழிலில் இது முதல் பாடம்: தண்ணீர் படுகிற இடத்தில் மெருகுக் கல் கூடாது. நான் கட்டிய எந்த வீட்டுக் குளியலறையிலும் போட்டதில்லை. கோயிலில் போட்டேன்.

பழைய கல்லைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்த அன்று அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். ஆட்கள் தள்ளிப் போகும்வரை பேசவில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுக்கா.”

“சுத்துற வழியில மட்டும், ஒரு ஆளு நடக்குற அகலத்துக்குப் பழைய கல்ல விட்டுடேன். அது காலப் புடிச்சுக்கும்.”

“வேட்டியில ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்க்கா.”

“இருந்தா என்ன? சாமி வேட்டியையா பாக்குது?”

“சாமி பாக்காது. ஊரு பாக்கும்ல.”

அக்கா சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு பெருக்கப் போய்விட்டார். என்னை வளர்த்த காலத்திலும் சரி, நான் வளர்ந்த பிறகும் சரி, அக்கா என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அப்போது எனக்கு அது கணக்கில் வரவில்லை. எடுத்த பழைய கல்லை உடைத்து என் கல்யாண மண்டபத்து அஸ்திவாரத்தில் போட்டுவிட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி என் பெயர் வெட்டிய கல்வெட்டு வைத்தேன். அக்கா பெயரையும் சேர்க்கச் சொல்லியிருந்தேன். கல்வெட்டுக்காரரிடம் அக்கா நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வோர் அபிஷேகம் முடிந்ததும் அக்கா தன் பழைய புடவையைக் கொண்டுவந்து பிரகாரத்தைத் துடைப்பார். முழங்காலிட்டு, மூலை மூலையாகத் துடைப்பார். தம்பி போட்ட தரை மினுக்க வேண்டும் என்று துடைக்கிறார் என நான் நினைத்தேன். நாலு பேரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு பிரதோஷத்தன்று கூட்டம் அதிகம். பாலும் எண்ணெயும் அபிஷேகத் தண்ணீர் விழும் கோமுகியைத் தாண்டி வழிந்து பிரகாரத்துக்கு வந்துவிட்டன. அக்கா துடைக்கிற துணியோடு வந்தபோதுதான் விழுந்தார். நான் அங்கேதான் இருந்தேன். நந்திக்குப் பக்கத்தில் நின்று, சென்னையிலிருந்து வந்த ஒருவரிடம் அந்தக் கல் எந்த மலையில் வெட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை, துணி மட்டும் தள்ளிக் கிடந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. நினைவு வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, அந்த இடத்தை யாராவது துடைத்தார்களா என்பதுதான். அப்போதுதான், அக்காவைப் பார்க்க வந்திருந்த எங்கள் கோயில் குருக்கள் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். அக்கா இத்தனை வருடமும் துடைத்தது மினுக்குவதற்காக இல்லையாம். துடைக்காமல் விட்டிருந்தால் எப்போதோ நாலு பேர் விழுந்திருப்பார்களாம். என்னிடம் சொல்லக் கூடாது, தம்பி மனசு கஷ்டப்படும் என்று அக்கா அவரிடம் கேட்டுக்கொண்டாராம்.

நாலு மாதம் அக்கா வீட்டில் படுக்கையில் இருந்தார். முதுகில் புண் வந்தது. ஒரு நாள் நானாகவே கேட்டேன்.

“என் கல்லாலதானேக்கா?”

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கல்லு என்னடா பண்ணும்? நான் சொன்னப்ப நீ கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அக்கா போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சுடுகாட்டில் எல்லோரும் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தபோது நான் கொட்டகைத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தூண் அரை அங்குலம் சாய்ந்திருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இப்போதும் கோயிலுக்குப் போகிறேன். பிரகாரம் முழுக்கத் தென்னைநார்ப் பாய் விரித்திருக்கிறார்கள். கல் தெரியவில்லை. போகிறேன், நிற்கிறேன், வருகிறேன். மனதில் ஒன்றும் ஓடுவதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. ஆபரேஷன் செய்த டாக்டருக்கும், புண்ணுக்கு மருந்து போட்ட நர்சம்மாக்களுக்கும். தினமும் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்து அக்காவைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட எதிர்வீட்டு டீச்சருக்கு. டீச்சர் தன் ஜெபத்தைச் சொல்லும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பூவையும் கோயிலையும் விடாமல் பார்த்துக்கொண்ட குருக்களுக்கு. இரண்டு முறை விமானம் ஏறி வந்து, கடைசி நாளில் கூட இருந்த அக்கா மகனுக்கு.

அவன் அனுப்பிய அச்சுப் பிரதியில், “சில காலம் உடல்நலம் குன்றியிருந்து இறைவனடி சேர்ந்தார்” என்று இருக்கிறது. என்னைப் பற்றி, “கோயில் திருப்பணிச் செம்மல்” என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. போன் செய்தேன்.

“மாமா, ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. பிரிண்ட்ல எதுக்கு? உங்களுக்குத்தான் அசிங்கம். அம்மாவும் இத விரும்ப மாட்டாங்க.”

அக்கா விரும்ப மாட்டார்தான். அவன் சொல்வது சரி. ஆனால் மதகில் என் பெயர் இருக்கிறது, பள்ளிக்கூடச் சுவரில் இருக்கிறது, கோயில் வாசலில் இருக்கிறது. எதையும் யாரும் தானாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டு, சண்டை போட்டு, எழுத்தின் உயரம்வரை சொல்லி வாங்கியவன் நான். நல்லதற்கெல்லாம் பெயர் வாங்கிக்கொண்டவனை இதற்கு மட்டும் விட்டுவிடுவது நியாயம் இல்லை. இதுவும் நான் செய்ததுதான். கமிட்டி செய்யவில்லை, கல் செய்யவில்லை.

ஆகவே உடல்நலம் குன்றி என்கிற வரியையும் செம்மல் என்கிற வரியையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், “தம்பி போட்ட தரையில் வழுக்கி விழுந்து இறந்தார்” என்று போட வேண்டும். கீழே என் முழுப்பெயரையும் போட வேண்டும். எழுத்து சின்னதாக இருக்கக் கூடாது.