குசினிக்குள் வந்த முந்திரிகைத் தோட்டம்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்ப் படுக்கலாம். இது மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஜெகதீஸ்வரிக்கு நடந்தது. 2003 செப்டம்பர். அதுவும் பட்டப்பகலில். பேய் இருட்டில்தான் வரும் என்று சொல்லிவைத்தவன் எவனோ, அவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும்.

ஜெகதீஸ்வரிக்கு மூக்கு நுனியில் கோபம். கோபத்துக்குக் காரணமும் இருந்தது. பலாலிப் பக்கம் அவள் பிறந்த வீட்டை ஆமி முள்ளுக்கம்பி போட்டு அடைத்துப் பதின்மூன்று வருடம். பிறகு எத்தனை வாடகை வீடு, எத்தனை நிலக்கீழ் அறை! கடைசியில் அவளும் கணவன் யோகேந்திரனும் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். இனித் தன்னைக் குடியெழுப்ப ஒருத்தனும் பிறக்கவில்லை என்று அவனிடம் சொன்னாள்.

அந்த வீட்டு வளவில்தான் கிழவனைக் கண்டாள்.

மருந்துத் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து, அடுப்பில் தேத்தண்ணி வைத்துவிட்டுக் குசினி யன்னலைத் திறந்தாள். வளவுக்குள் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவன். கையில் சின்னக் கத்தரிக்கோல். இரண்டடி வைத்தான். நின்றான். வெறுங்காற்றில் எதையோ பிடித்து வெட்டினான்.

டிக்... டிக்...

அங்கே புல்லைத் தவிர ஒரு செடி கிடையாது. பக்கத்து வீட்டு எலிசாவின் சொந்தக்காரராக்கும், வயதுபோய் அறளை பெயர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்தாள். கிழவன் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அவளுக்கு வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

"போட்டு வாங்கோ."

போய்விட்டு வாருங்கள் என்பதுதான். யாழ்ப்பாணத்து வாய் அப்படித்தான். வாசலைவிட்டுப் போகிறவரிடம் வெறுமனே 'போ' என்று சொல்ல அதற்கு வராது. செத்தவீட்டில் மட்டும்தான் அந்த 'வா'வை விழுங்குவோம்.

அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். வேலிக் கதவில் பூட்டு தொங்கினபடி தொங்கியது. கொடியில் காய்ந்த கட்டில் விரிப்புக்குள்ளால் நடந்து போனான். விரிப்பு அசையவில்லை...

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். நேரே போய் எலிசாவின் கதவைத் தட்டினாள். எலிசா இத்தாலிக்காரி, அந்தத் தெருவிலேயே வயதில் மூத்தவள். விஷயத்தைக் கேட்டதும் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். இந்த நாலு தெருவும் ஒரு காலத்தில் முந்திரிகைத் தோட்டம். (முந்திரிகை என்றால் எங்களுக்குத் திராட்சை, கஜு முந்திரிப் பருப்பை நினைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள்.) பனிக்காலத்தில் கொடிகளை மண்ணுக்குள் தாட்டு, பனி கரையத் தோண்டியெடுத்து, ஒரு மனிதன் பிள்ளை மாதிரி வளர்த்தான். நகரம் பெருத்து வந்தது. தெரு போட்டார்கள், குழாய் புதைத்தார்கள், காணியைத் துண்டு துண்டாக விற்றார்கள். அவனைப் பிடித்து வெளியே விட்டார்கள். எலிசா கலியாணமாகி இங்கே வந்தபோது அவன் செத்துப் பலகாலம். ஆனாலும் வளவுகளுக்குள் நடந்துகொண்டிருந்தான். ஒருவரும் அவனோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போய்விடுவான். நீ ஏதும் சொன்னாயா என்று எலிசா கேட்டாள்.

 வா என்று வாய் நிறையக் கூப்பிட்டதே ஜெகதீஸ்வரிதான்.

யோகேந்திரன் கேட்டுவிட்டுச் சிரித்தான். புவாண்ட்-கிளேர் கிடங்குக்கு வேலைக்குப் போகிற தன்னை ஒருநாளாவது இவ்வளவு மரியாதையாக வழியனுப்பியிருக்கிறாயா என்றான். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பின்னேரம், மூன்று மணி. நல்ல வெயில். அவள் குசினிக்குள் தனியே நின்றாள்.

டிக்... வளவில் இல்லை.

டிக்... சுவருக்குள்.

புளித்த பழ வாசம்.

டிக்... அடுப்புக்குப் பக்கத்தில்.

அவனுடைய கொடி வரிசை அந்த வீட்டுக்குள்ளாலும் போகிறது.

கிழவன் நிமிர்ந்தான். முழங்காலுக்குக் கீழே காணவில்லை. அவன் நின்றது பழைய நிலத்தில். வீட்டுத் தரை அதற்கு மேலே. முகம் கோபத்தில் சிவந்து கிடந்தது.

"செ ஷே முவா."

பிரெஞ்சு வகுப்பில் முதல் கிழமை படித்த வசனம். இது என் வீடு.

அவள் ஓரடி பின்னே வைத்தாள்.  வாய் மட்டும் அடங்கவில்லை.

"உங்களைக் குடியெழுப்பினது நான் இல்லை. என்னையும் எழுப்பித்தான் விட்டவங்கள். இன்னொருக்கா நான் எழும்ப மாட்டன்."

கிழவன் அசையவில்லை.

வீட்டுக்கு வந்த ஒருவருக்கும் சொல்லாததை அவனுக்குச் சொன்னாள்.

"போங்கோ."

போனான்... பிறகு வரவேயில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

தை மாதம் ஊரிலிருந்து தம்பி சிவநேசம் தொலைபேசி எடுத்தான். போர் நிறுத்தக் காலம்தானே, கம்பிக்கு வெளியே நின்றாவது காணிப் பக்கம் பார்ப்போம் என்று போயிருக்கிறான். காவலுக்கு நின்ற சிப்பாய் அரைகுறைத் தமிழில் அவனை மறித்து, அந்த வீட்டுக்காரனா என்று கேட்டானாம். மத்தியானங்களில் ஒரு பொம்பிளை கிணற்றடியில் வந்து நிற்கிறாளாம். கம்பி அறுபடவில்லை. காலடி கிடையாது. அந்த வெயிலுக்குள் பெரிய குளிர்க்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, எல்லாரையும் வெளியே போகச் சொல்லி ஏசுகிறாளாம்.

அங்கே மத்தியானம் என்றால் இங்கே நடுச்சாமம். ஜெகதீஸ்வரி நித்திரையில் கிடக்கும் நேரம்.

"அக்கா, அவன் சொன்ன முகம் உங்கடதான். சரியாப் பயந்துபோனான். அவவை இனி வரவேண்டாமெண்டு சொல்லட்டாம்."



"முதல் அவனை அங்கயிருந்து எழும்பச் சொல்லு" என்றாள் ஜெகதீஸ்வரி.