மாமிக்குப் போர்த்திய லினன்

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, கடலுக்குப் போகிறோம் என்று சொல்லி என்னை ஒரு மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்கள்.

அப்பாவுக்குச் சனி, ஞாயிறும் ஷிப்ட். அந்தக் கோடையில் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். நாங்கள் குடியிருந்த ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து காலையிலேயே கிளம்பியும், பெருந்தெருவில் நெரிசல் என்று அப்பா காரைக் கிராமத்துப் பாதையில் விட்டார். அங்கே ஒரு பலகையில் அனுமதி இலவசம் என்று எழுதியிருந்தது. இலவசம் என்றால் அப்பாவின் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிடும்.

கொட்டிலை மியூசியமாக்கியிருந்தார்கள். ஆளிச்செடியிலிருந்து லினன் துணி செய்வது எப்படி என்பதுதான் விஷயம். தண்டை ஊறப்போட்டு அழுகவிட வேண்டுமாம், காயவைத்து அடிக்க வேண்டுமாம், பிறகு ஆணி வைத்த சீப்பால் வார வேண்டுமாம். விளக்கிய வெள்ளைக்காரப் பெண்மணிக்கு அவசரமே இல்லை. அப்பாவுக்கோ அதைவிட இல்லை. எத்தனை நாள் ஊறும், நாறாதா என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தால், கடல் எங்கே ஓடியா போகப்போகிறது என்றார்.

கடைசியில் அந்தப் பெண்மணி, நெய்து முடித்த துணியைப் போர்த்திப் பார்க்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. இது முடிந்தால் போகலாம் என்ற ஆத்திரத்தில், பக்கத்தில் நின்ற மாமியை நான்தான் முன்னே தள்ளிவிட்டேன். மாமி அப்பாவின் தங்கை. ஊரிலிருந்து தனியாக வந்து எங்களோடு இருந்தார். வெளியே புறப்பட்டால் சிவப்புச் சேலை, பெரிய குங்குமப் பொட்டு, தாலிக்கொடி எல்லாம் வேண்டும் அவருக்கு.

வாரக்கணக்கில் புல்லில் விரித்து வெயிலில் வெளுத்தது என்று சொல்லிக்கொண்டே, பெண்மணி அந்தக் கரையில்லாத வெள்ளைத் துணியை மாமியின் தலையோடு போர்த்தினார்.

மாமி அதை இழுத்து நிலத்தில் எறிந்தார். "எனக்கு வெள்ளை போர்த்தச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று அவரிடம் தமிழிலேயே கேட்டார். அப்பா ஓடிப்போய் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். அம்மா கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, மாமியின் கலைந்த பொட்டைத் திருத்தி வைத்தார்.

காரில் ஏறியதும் மாமி வீட்டுக்குப் போவோம் என்றார். அப்பா காரைத் திருப்பினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது வெறும் துணிதானே, மாமி."

அம்மா என் தொடையில் கிள்ளினார். மாமி கோபிக்கவில்லை. "ஓம் பிள்ளை, துணிதான்," என்றார்.

இரண்டு கிழமை நான் அவரோடு பேசவில்லை. மாமா ஊரில் நடந்த சண்டைக்குள் காணாமல் போனவர் என்று எனக்குத் தெரியும். காணாமல் போனால் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பார்க்கிங் என்ற ஊரின் சந்தையில் நான் தொலைந்தபோது அப்படித்தான் கொண்டுவந்து விட்டார்கள். மாமியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். அந்தத் துணி தலையில் ஒரு நிமிடம் இருந்தாலும், மாமா இனி வரமாட்டார் என்று அவர் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குள் அவரைத் தள்ளிவிட்டது என் கை என்பது தெரியாமல், கடல் போய்விட்டதே என்று நான் அன்று வீடு வரும்வரை அழுதேன்.