வெட்டுக்கிளிக் குலத்து வெள்ளைக்காரி

பின்லாந்துக்காரி மர்யுத் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதில் ஒன்றை ஆப்பிரிக்க ஊரான மசாக்காவில், ஒரு நவம்பர் மாதம், வாடகை வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னாள். அந்த ஒரு பொய்யால் கைக்கு வந்த பிள்ளை கைநழுவிப் போகப் பார்த்தது.

நாற்பத்தேழு வயது, தனியாள். ஆழ்குழாய்க் கிணறுகளுக்குப் பம்பு பொருத்த வந்தவள், இங்கேயே தங்கிவிட்டாள். வந்த புதிதில் தெருவே அவளைப் பார்த்து முகம் சுளித்தது. அவள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவதுதான் மரியாதையாம். இங்கே அந்தப் பாச்சா பலிக்குமா? ராத்திரி நல்லபடியாக விடிந்ததா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, வாழைத் தோட்டம் எப்படி என்று கேட்டு முடித்த பிறகல்லவா தக்காளி விலையையே கேட்க முடியும்!

அவளுக்கு வழி காட்டியது கிசாச்சேதான். காப்பகத்திலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பெண். வெளிநாட்டார் தத்தெடுக்க வேண்டுமானால் ஒரு வருஷம் பிள்ளையை வைத்து வளர்த்துக் காட்ட வேண்டும், நலத்துறை அதிகாரி அவ்வப்போது வந்து பார்த்து நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்பது சட்டம். கைக்குழந்தை என்றால் கொடுத்த இடத்தில் கிடக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கிடக்குமா? வந்த அன்றே கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். "ராத்திரி குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டாள். அப்புறம் பெட்டியை இறக்கி வைத்தாள்.

"ஆன்ட்டி, நீங்க பேசவே வேணாம். அவங்க கேக்கக் கேக்க 'ம்ம்' போடுங்க. அப்புறம் அவங்க 'ம்ம்'பாங்க. மறுபடி நீங்க 'ம்ம்'. யாராவது ஓயுற வரைக்கும் போடுங்க, அவ்வளவுதான்."

பேசாமலே மரியாதைக்காரி ஆகலாம் என்றால் பின்லாந்துக்காரிக்குக் கசக்குமா? ஒரே மாதத்தில் தெருவிலேயே அழகாக 'ம்ம்' போடுகிறவள் என்று பேர் வாங்கிவிட்டாள்.

ஆனால் வெட்டுக்கிளி விஷயத்தில் 'ம்ம்' உதவவில்லை. நவம்பர் வந்தால் ஊரே அதற்காகத்தான் உயிரோடிருக்கும். சிறகும் காலும் பிய்த்து, வெங்காயம் போட்டு வறுத்து, தட்டுத் தட்டாக வீடு தேடி வரும். வேண்டாம் என்றால் பகை. போன நவம்பர் முழுக்க மர்யுத் கைப்பைக்குள் கொட்டி மறைத்தாள். பை நாறி, அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இந்த வருஷம் ஒன்றைக் கவனித்தாள். கிசாச்சே வேண்டாம் என்றபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"அவ வெட்டுக்கிளிக் குலம். கூடப்பொறந்ததைத் தின்பாளா?" என்றார்கள்.

தட்டு மர்யுத் பக்கம் திரும்பியது. "நானும் அந்தக் குலம்தான்," என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரர் சாலோங்கோவும் அதே குலம். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "தங்கச்சி! இத்தனை நாள் வாயைத் திறக்கலியே!" என்று அடுத்த ஞாயிறே கோழி அறுத்து, மரப்பட்டைத் துணி போர்த்தி, பெரியவர்களைக் கூட்டி அவளை முறைப்படி குலத்தில் சேர்த்துவிட்டார். ஓடிய வாழைப்பழச் சாராயத்தில் யாருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

மூன்றாம் வாரம் நலத்துறை அதிகாரி தியோபிஸ்டா கடைசி முறையாக வந்தாள். வியாழக்கிழமை வழக்கு. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. எழுந்திருக்கும் நேரத்தில் கிசாச்சே பெருமையாக, "நானும் ஆன்ட்டியும் இப்போ ஒரே குலம்," என்றாள்.

தியோபிஸ்டாவின் பேனா நின்றது. "உங்கப்பா என்ன குலம்?"

"வெட்டுக்கிளி."

"இவங்களும் வெட்டுக்கிளியா? அட கடவுளே! அப்போ இவங்க உங்கப்பாவுக்குத் தங்கச்சி. உனக்கு அத்தை. அத்தை எப்படிம்மா அம்மா ஆவாங்க? ஒரே குலத்துல எவனாவது பொண்ணு கட்டுவானா?"

"சட்டத்தில் குலத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே," என்றாள் மர்யுத்.

"சட்டத்துல இல்லதான். ஆனா இதை எழுதிக் கொடுத்துட்டு நான் இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? நீதிபதியும் நம்ம ஊர்க்காரர்தானே, கையெழுத்துப் போடுவாரா? மனு தள்ளுபடி ஆகும், பிள்ளை காப்பகத்துக்குத் திரும்பும்."

கிசாச்சே எழுந்தாள். உள்ளே போய் மேலிருந்து தன் பெட்டியை இறக்கிக் கட்டில் மேல் வைத்தாள். அதைப் பார்த்த மர்யுத் வாசலுக்கு ஓடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

சாலோங்கோ ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி நாலோங்கோ. "உனக்குப் புத்தி இருக்காய்யா? நானும் உன் பிள்ளைகளும் ஒரே குலமா? தாய்க்காரி வேற குலமா இருக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"சேர்க்க முறை இருக்கு. விலக்க முறை இல்லியே," என்று சாலோங்கோ தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் கோழி வேற செமிச்சுப் போச்சு." கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "ஒண்ணு பண்ணலாம். நம்ம குலத்தாள் எவளும் தெரிஞ்சு வெட்டுக்கிளி தின்ன மாட்டா. தின்னா அவ நம்மாளே இல்ல. சேர்த்ததும் செல்லாது."

எல்லாரும் மர்யுத்தைப் பார்த்தார்கள்.

நாலோங்கோ கொல்லைப்புறம் போய், தான் வெட்டுக்கிளி வறுக்கும் கரிச்சட்டியோடு வந்தாள். புருஷன் குலத்துக்கு ஆகாது என்பதால் அந்தச் சட்டி அவர்கள் அடுப்படிக்குள் நுழைந்ததே இல்லை. வறுத்துத் தட்டில் கொட்டினாள். சாலோங்கோவும் கிசாச்சேயும் முறைப்படி முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். மர்யுத் கண்ணை மூடி ஒன்றை வாயில் போட்டாள்.

"கண்ணைத் திறந்து தின்னுங்க," என்றாள் தியோபிஸ்டா. "தெரிஞ்சு தின்னதாத்தான் எழுதணும்."

கண்ணைத் திறந்தாள். கண்ணீர் கொட்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாகக் கடகடவென்று கடித்து விழுங்கினாள். "போதும்மா, அஞ்சாறு போதும்," என்று நாலோங்கோவே பதறினாள். "அத்தையா இருக்கவா நான் ஒரு வருஷம் 'ம்ம்' போட்டேன்?" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டே கேட்டாள் மர்யுத். தட்டு காலியாயிற்று. 'மனுதாரர் யாருடைய வற்புறுத்தலுமின்றி முப்பத்தொரு வெட்டுக்கிளிகளை உப்பும் வெங்காயமும் சேர்த்து உட்கொண்டார். உள்ளூர் வாழ்க்கைக்குப் பழகிவிட்டார்' என்று தியோபிஸ்டா எழுதிக் கையெழுத்திட்டாள். சாலோங்கோ சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போய்ட்டு வரேன் மேடம்," என்று துக்கத்தோடு விடைபெற்றார்.

எல்லாரும் போன பிறகு கிசாச்சே அடுப்படியில் எதையோ உருட்டினாள். பழைய சட்டி ஒன்றை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்து மர்யுத்தின் காலடியில் வைத்தாள்.

"இந்தாங்க. இனிமே இதுலதான் வறுக்கணும். கொல்லையில வெச்சுக்கணும். நம்ம சாப்பாட்டுச் சட்டியில படக் கூடாது."

"இனிமே நான் எதுக்கு வறுக்கப் போறேன்?"

"வருஷா வருஷம் நவம்பர் வருமே! எங்கம்மா இப்படித்தான் தனிச் சட்டி வெச்சிருந்தாங்க. நான் தள்ளி உக்காந்திருப்பேன். தின்னு முடிச்சு, வாய் கொப்புளிச்சுட்டு வந்துதான் என்னைத் தொடுவாங்க."

ஒரு வருஷத்தில் தன் தாயைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மர்யுத் குழாயடிக்குப் போனாள். நாலு முறை கொப்பளித்தாள். திரும்பி வந்து கிசாச்சேயின் முன்னால் நின்றாள்.

கிசாச்சே எட்டி அவள் முகத்தருகே மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் ஒருவாட்டி," என்றாள்.

மர்யுத் மறுபடி குழாயடிக்குப் போனாள்.