பெட்டி வேனில், ஆள் ரயிலில்

கண்ணாடிக் கதவு திறந்து ஆட்கள் வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். முதலில் பெட்டியின் சக்கரம். அப்புறம் செருப்பு. கடைசியில்தான் ஆள். நாங்களெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கிக் கையாட்டிக்கொண்டிருப்போம்; அவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். “சக்கரம் ஒண்ணு ஆடுது. பஸ்ஸுக்கு லாயக்கில்ல,” என்பாள். வந்தவர் எங்களை இன்னும் கண்டுபிடித்திருக்கவே மாட்டார். அதற்குள் அவர் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எதில் போகவேண்டும் என்பது முடிவாகியிருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு தங்கை, ஒரு தம்பி. இவள் சின்னத் தங்கை. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் கட்டிக்கொடுக்கும் கம்பெனியில் வேலை. பீரோ, கட்டில் தூக்குவது ஆண்கள் பாடு. தட்டு, தம்ளர், கண்ணாடி போட்ட படம், பூச்சாடி, இதெல்லாம் இவள் பாடு. செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கி விரல் நுனி எப்போதும் கறுத்தே இருக்கும். ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தே முன்பல்லில் ஒரு சில்லு போய்விட்டது. கத்திரிக்கோல் என்னவோ கழுத்திலேயேதான் தொங்கும். வீட்டில் மிஞ்சிய அரை ரொட்டியைக்கூட நாலு மூலை மடித்துக் கட்டித்தான் வைப்பாள். அதனால் எங்கள் வீட்டில் அவளுக்குப் பொட்டலம் என்றே பேர் விழுந்துவிட்டது. பிள்ளைகள் ‘பொட்டலம் அத்தை’ என்று முகத்துக்கு நேரே கூப்பிடும். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

‘சௌக்கியமா’ என்று கேட்கும் வழக்கமும் அவளிடம் கிடையாது. “எல்லாம் முழுசா வந்துச்சா?” என்பாள். பெட்டியைக் கேட்கிறாளா தன்னைக் கேட்கிறாளா என்று விளங்காமல், வந்தவர் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டுவார்.

எங்கும் நிற்காத வேக ரயில், எல்லா இடத்திலும் நிற்கும் சாதா ரயில், பஸ், டாக்ஸி என்று அங்கிருந்து வழி பல. என் ஓர்ப்படியின் அக்கா மகன் முதுகில் ஒரே பையோடு வந்தான், பஸ்ஸில் ஏற்றினாள். என் தம்பி மகள் இரட்டைக் குழந்தைகளோடு வந்தாள். பொட்டலம் நேரே போய் டாக்ஸிக் கதவைத் திறந்துவிட்டாள். எல்லாரையும் சரியாகவே அனுப்பினாள் என்று சொன்னால் அது பொய். என் மகளின் மாமனார் மாமியார் வந்தபோது, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கென்றே விட்டிருக்கும் மாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். சம்பந்திகள் இருவரும் ஊரையே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவளோ, “மாடியில நல்ல காத்து வந்திருக்குமே?” என்று கேட்டாள். சம்பந்தியம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, “ஆமாம்மா, நல்லாத்தான் இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் அதைத் தன் சாதனைகளில் சேர்த்துத்தான் பேசுவாள்.

அவளோடு ஒத்துப்போகாத ஒரே ஆள் அவள் தம்பி. சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். “சொந்தக்காரங்கள ரயில்ல ஏத்தி அனுப்புறது ஒரு மரியாதையாக்கா?” என்பான். “உன் வேன்ல இருந்து இறங்கினவங்க தலையப் பாத்திருக்கியா? மரியாதையில முடியெல்லாம் எழுந்து நின்னுச்சு,” என்பாள். இந்தச் சண்டை எத்தனையோ வருஷமாக ஓடுகிறது. போன மாதம்தான் ஒரு முடிவுக்கு வந்தது.

பெரிய நாத்தனாருக்கு, அதாவது இவள் அக்காக்காரிக்கு, ஒரே மகள். நாற்பதைத் தாண்டியவள். அடுப்படியில் நின்று ரொட்டி சுடுகிற ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவர் அவளைவிட ஐந்து வயது சின்னவர். அக்காக்காரிக்கு அது ஆகவில்லை. தூரதேசத்தில் இருந்துகொண்டே போனில் குதித்தாள், “நான் வரமாட்டேன்” என்று. மகளும் லேசுப்பட்டவள் இல்லை. “வராட்டிப் போ. பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்துல கூப்பிடுவாங்க, கையெழுத்துப் போட்டுடுவேன்,” என்றாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்காக்காரி பொட்டலத்தைப் போனில் கூப்பிட்டு, “டிக்கெட் போட்டுட்டேன்டி,” என்று அழுதாள். கல்யாணத்தன்று காலை வந்து இறங்கும் விமானம். அது பனிமூட்டத்தில் மாட்டி நேரம் கழித்து வந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். யாராவது வந்தால் ஒருவர் விடாமல் போய் நிற்கவேண்டும். நிற்காதவர் மேல் வருஷக்கணக்கில் மனத்தாங்கல் இருக்கும். அதனால் வேன்காரன் வீடு வீடாகப் போய் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அங்கிருந்து நேரே கல்யாணத்துக்குப் போவதாக ஏற்பாடு. அக்காக்காரி வந்தாள், கட்டிப்பிடித்தோம், அழுதோம், பெட்டியைத் தள்ளிக்கொண்டு வேனுக்குப் போனோம். கதவைத் திறந்து நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: வரவேற்க வந்தவர்களே வேன் நிறைய இருந்தோம். வந்தவளுக்கு உட்கார இடமில்லை.

“நான் இறங்குறேன், பெரியக்கா உக்காரட்டும்,” என்று வேன்காரன் மனைவி எழுந்தாள். “நீ எதுக்கும்மா, நான் இறங்குறேன்,” என்றார் என் வீட்டுக்காரர். “அண்ணன் இறங்கினா நாங்க உக்காந்திருக்க முடியுமா?” என்று மற்றவர்களும் எழுந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள், கதவை மறித்துக்கொண்டு நின்றதால் ஒருவரும் இறங்க முடியவில்லை.

அக்காக்காரிக்கு மூச்சு வாங்கியது. விமானத்தில் யாரோ கொட்டிய காபி புடவையில் மார்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வழிந்திருந்தது. கல்யாணத்துக்குக் கட்டக் கொண்டுவந்த பட்டு பெட்டியின் அடியில் இருந்தது. “இந்தக் கோலத்துல, நேரமும் கழிச்சுப் போனா என்ன சொல்லுவா? வேணும்னேதான் இப்படி வந்தேன்னு சொல்லுவாடி. சாகற வரைக்கும் நம்பமாட்டா,” என்றாள்.

பொட்டலம் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். “வரும்போது எதிர்ப்பக்க ரோடு எப்படிடா இருந்துச்சு?”

அவன் சாவியை ஆட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.

“சொல்லுடா.”

“பாலத்துல கொஞ்சம் நின்னுச்சு,” என்றான்.

“டாக்ஸியும் அதே பாலத்துலதான் நிக்கும். கனத்தையும் கண்ணாடியையும் நான் என்னைக்காவது ஒரே பெட்டியில போட்டிருக்கேனா? பெட்டிய வேன்ல போடு. ஆள் ரயில்ல வருது.”

“கல்யாணத்துக்கு வந்தவங்கள ரயில்லயா?”

“முதல்ல கல்யாணத்துக்கு வரட்டும்டா!”

சொன்னவள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது தான் கட்டியிருந்த கரும்பச்சைப் பட்டு அக்காவின் மேல் இருந்தது. காபிக்கறைப் புடவை இவள் மேல் இருந்தது. அக்காவுக்குக் கட்டிவிட்ட பட்டின் மடிப்பு விசிறி மாதிரி நின்றது. பாத்திரம் கட்டுகிற கை அல்லவா. அப்போதும் வேனுக்குள், “நான் இறங்குறேன், நீங்க உக்காருங்க,” முடிந்திருக்கவில்லை.

“அண்ணி, நீங்க வாங்க. அந்தப் பொண்ணு பக்கம் நிக்க ஒரு பெரியவங்களாவது வேணும்,” என்று என்னைக் கூப்பிட்டாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். எல்லாரும் சேர்ந்து என்னை ஒருவழியாக வெளியே தள்ளினார்கள்.

வேக ரயிலின் பலகையைக் காட்டினேன். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அது பெரிய நிலையத்தில் போய் நிற்கும், அங்கிருந்து அக்காவின் முழங்காலால் நடக்க முடியாது. சாதா ரயில் நின்று நின்று போனாலும், பதிவு அலுவலகத்துக்குப் பின்தெருவிலேயே இறக்கிவிடும் என்றாள். ஏறினோம். எங்கள் எதிரே வேலைக்குப் போகிறவர்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். ரயில் நன்றாகத்தான் போனது. பிறகு இரண்டு நிலையங்களுக்கு நடுவே, ஒரு சுவர் ஓரமாக நின்றது.

நின்றது என்றால் நின்றதுதான். சுவரில் முளைத்திருந்த செடியின் இலைகளை நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். அக்காக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் பொட்டலம், மடியில் கிடந்த காபிக்கறையைக் கறுத்த விரலால் நீவிக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. மாடி பஸ் மாதிரி இதைப் பேசிச் சமாளிக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

கொஞ்சம் கழித்து, “நீ வீட்ட விட்டுக் கிளம்பினியேக்கா, அதுதான் உடையற சாமான். அது முழுசா வந்துடுச்சு. மீதிய நான் பாத்துக்கறேன்,” என்றாள். அக்காக்காரி அவள் தோளில் சாய்ந்தாள். ரயில் ஒரு உதறு உதறிவிட்டு நகர்ந்தது.

அந்த நிலையம் உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட் வாசலில் குழந்தை வண்டிகளும் சைக்கிள்களும் அடைத்துக்கொண்டு நின்றன. பொட்டலம் அக்காவின் முன்னால் போய்த் திரும்பி நின்று, அவள் இரு கைகளையும் தன் தோளில் வைத்துக்கொண்டு, முதுகுப்புறமாகவே படி இறங்கத் தொடங்கினாள். “கீழ பாக்காத, என் மூஞ்சியப் பாரு. இடது. ம். வலது. இப்ப திருப்பம் வருது, மெதுவா. வழி விடுங்கப்பா, வழி, வழி!”

“என்னடி இது, பீரோவ இறக்கற மாதிரி இறக்கற?”

“பீரோ இவ்வளவு பேசாதுக்கா.”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மேலே ஏறுகிறவர்கள்கூட ஒதுங்கி நின்று சிரித்தார்கள். பின்தெருவில் கிட்டத்தட்ட ஓடினோம். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமோ கூடாதோ, நான் ஓடினேன்.

மூலை திரும்பினால் அலுவலகத்து வாசல். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே போய்விட்டிருந்தார்கள். கதவைப் பிடித்தபடி ஒரு ஊழியர், “கடைசித் தடவையா கூப்பிடுறேங்க, வரீங்களா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா வராவிட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று சொன்னவள் கையில் போனோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ரொட்டி சுடுகிறவர் அவளுக்கு ஒரு படி கீழே நின்று அவள் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விமானம் லேட்டும்மா,” என்றாள் அக்காக்காரி. மூச்சு வாங்கியது. “சத்தியமா லேட்டு.”

“தெரியும்மா. காலையில இருந்து உன் விமானம் எங்க வருதுன்னு இதுலதான் பாத்துக்கிட்டே இருக்கேன்.” கிட்டே வந்து முந்தானையைத் தொட்டாள். “இது சித்தி புடவைல்ல?”

“ஆமாம். என்னோடது சித்தி மேல இருக்கு.”

மகள் சித்தியை மேலும் கீழும் பார்த்து, காபிக்கறையைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஊழியர் கதவைச் சாத்தப் போனார். அக்காக்காரி மகளின் தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கி, “மாப்பிள்ளை! அந்தக் கதவப் புடிங்க, மூடிடப் போறாரு!” என்று குரல் கொடுத்தாள்.

அத்தனை நாள் அவள் ‘அந்த ரொட்டிக்காரன்’ என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். மாப்பிள்ளை இரண்டே தாவலில் போய்க் கதவைப் பிடித்தார். விடவே இல்லை, நாங்கள் எல்லாரும் உள்ளே போன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார். “அது கெடக்கட்டும், நீங்க உள்ள வாங்க, உங்களுக்குத்தான் கல்யாணம்,” என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

கையெழுத்தெல்லாம் முடிந்து, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது. கதவு திறந்து எல்லாரும் கசங்கிக் கசங்கி இறங்கினார்கள். வேன்காரன் பின்னால் போய்ப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, பொட்டலத்தை நிமிர்ந்து பார்க்காமல் நின்றான்.

பொட்டலம் படியிறங்கி வந்தாள். சாமானெல்லாம் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததும் லாரிக்கு விடைகொடுக்க அவர்கள் தொழிலில் செய்வதுபோல, உள்ளங்கையால் வேனின் பக்கத்தகட்டில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.