கிளி பூசிய பீங்கான்

க்ளெனிஸ் பாஸ்கோவுக்கு எதிரி உப்பல்ல, கிளி.

தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரத்தில் கோடை முழுக்கக் காற்று உப்பை அள்ளிவந்து மின்கம்பத்துப் பீங்கான்கள்மேல் அப்பும். பிறகு முதல் தூறல் விழும். நனைந்த உப்பின் வழியே மின்சாரம் பாயும், கம்பம் பற்றி எரியும், ஊர் இருளும். தண்ணீர் ஒட்டாத பூச்சைப் பீங்கானில் தடவினால் இந்தப் பீடை தொலையும் என்று தலை நரைக்கும்வரை ரப்பர்ப் பசை கிண்டினாள் க்ளெனிஸ். இந்த ஆண்டின் முதல் தூறலில் பூச்சு தாங்காவிட்டால் அவளுடைய ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடிவிடுவதாக மேலாளர் டூகல் சொல்லியாயிற்று.

சோதனைத் திடலில் ஒரு வரிசைக் கம்பங்களில் பூசிய பீங்கான்களை ஏற்றினாள். ஒப்பிட்டுப் பார்க்க, கடைசிக் கம்பத்தில் மட்டும் வெறும் பீங்கான். பூச்சைத் தின்ன வெள்ளைக் கொண்டைக்கிளிகள் வரும் என்பது முன்பே பட்ட அனுபவம்.

“மிளகாத்தூளக் கலந்து பூசேன். வாய் எரிஞ்சு ஓடிரும்,” என்றான் புருஷன் மெர்வின்.

கலந்தாள். கிளிக்கு மிளகாய் உறைக்காது என்பது அந்த மகராசனுக்கு எங்கே தெரியும்? கழுகுக்கு மூக்கில் வேர்த்ததுபோல ஊர்க் கிளியெல்லாம் வந்து இறங்கி, உரித்து உரித்துத் தின்றன. அலகில் ஒட்டிய பிசுபிசுப்பைக் கடைசிக் கம்பத்து வெறும் பீங்கானில் போய்த் தேய்த்தன.

“அடப் பாவிங்களா, அதென்ன கை கழுவுற இடமா?” என்று கீழே நின்று கத்தினாள். இடையில் கம்பத்தில் கைவைத்தால் சோதனை செல்லாது. கிளிகள் கொண்டையைச் சிலிர்த்து அவளைவிட உரக்கத் திட்டின.

தூறல் வந்தது. பூசிய கம்பங்களெல்லாம் ஒவ்வொன்றாய்ச் சடசடத்து நீலமாய்ப் பொரிந்தன. க்ளெனிஸுக்கு அழுகை முட்டியது. கடைசிக் கம்பம் மட்டும் கம்மென்று நின்றது.

“பூசினது போச்சு, பூசாதது நிக்குது. பூசாம இருந்தாத்தான் உன் பூச்சு வேலை செய்யும்போல!” என்றான் சோதனையைப் பார்க்க வந்திருந்த டூகல்.

அவள் அவன் கையிலிருந்த தொலைநோக்கியைப் பிடுங்கிக் கடைசிக் கம்பத்துப் பீங்கானைப் பார்த்தாள். சேம்பிலையில் உருள்வதுபோலத் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு விழுந்தது. அடியில் மெல்லிய மிளகாய்ச் சிவப்பு.

“டூகல், அது என் பூச்சுய்யா! நான் தடிமனா பூசினேன், உரிச்சுத் தின்னுடுச்சுங்க. அதுங்க தேச்சுத் தேச்சு மெல்லிசா பூசியிருக்கு, அதுங்களாலயே உரிக்க முடியல!”

டூகல் தொலைநோக்கியைத் திரும்ப வாங்கிப் பார்த்தான். “சரி, கூடத்த மூடல. ஆனா யார் பூசினதுன்னு மேலிடத்துல கேப்பாங்களே?”

க்ளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே கம்பியில் உட்கார்ந்திருந்த கிளிகளைக் காட்டினாள். “மேலிடந்தான் பூசிச்சுன்னு சொல்லு.”