எறியாதேங்கோ அக்கா!

தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோ முழுக்க பேஸ்போல் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். நான் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கோடையில் அங்கே பெண்களுக்கென்று ஒரு பேஸ்போல் போட்டி வைப்பார்கள். வருசா வருசம் ஒஃபீஸ் பெண்கள்தான் வெல்வார்கள். நாங்கள் ஓரமாக இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு பார்ப்பதோடு சரி.

அந்த வருசம் இறங்கியே ஆகவேண்டி வந்தது. எங்களோடு வேலை செய்த ஒரு தங்கச்சிக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு இங்கே சொந்தக்காரர் மண்டபம் நிறைய. இவளுக்கு ஒருவரும் இல்லை. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டு. "அக்காமார், நீங்கள் எல்லாரும் வந்தால்தான் எனக்கொரு பக்கம்" என்று சொல்லிவிட்டாள். கலியாணமோ சனிக்கிழமை, எங்களுக்குக் கட்டாய வேலை நாள். இரண்டு பேருக்கு மேல் லீவு தரமாட்டேன் என்று மனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் போட்டியில் வெல்கிற அணிக்கு ஒரு பரிசு இருந்தது: விரும்பிய சனிக்கிழமை எல்லோருக்கும் சேர்த்து லீவு.

"பிறகென்ன, விளையாடுவம்" என்றாள் கலியாணப் பொம்பிளை.

எங்களில் ஒருத்திக்கும் பேஸ்போல் தெரியாது. ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எல்லே என்கிற விளையாட்டு விளையாடியிருந்தோம். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுவது, வெறுங்கையால் பிடிப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று துணிந்துவிட்டோம். எண்ணிப் பார்த்தால் சரியாக ஒன்பது பேர், மாற்று ஆள் கிடையாது.

முதல் ஆட்டத்திலேயே நான் வினையை இழுத்து வைத்தேன். எல்லேயில் ஓடுகிறவளைப் பந்தால் எறிந்தால் அவள் அவுட். பேஸ்போலிலோ பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத் தொடவேண்டும். அந்தப் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முதுகில் ஓங்கி ஒன்று விட்டேன். விட்டதும் இல்லாமல் துள்ளிக் குதித்தேன். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள். நடுவர் விரலை நீட்டி, இன்னொரு முறை இப்படிச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். ஒருத்தி குறைந்தால் எங்கள் அணி தோற்றதாகக் கணக்கு. வெட்கத்தில் நான் செத்துப் போனேன்.

எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே ஒஃபீஸ் அணி, ஒரே நிறச் சேட்டும் காலில் முள்ளுச் சப்பாத்துமாக. எங்களில் பாதிப் பேர் வேலைச் சப்பாத்தோடு நின்றோம். கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் போதும்.

அடித்தாள் பாருங்கள் ஒரு அடி! பந்து என்னைத் தாண்டி உருண்டது. நான் விழுந்தடித்து ஓடி எடுத்துத் திரும்பினால், ஏற்கெனவே இரண்டாம் பேஸில் நின்ற அவர்களுடைய இன்னொருத்தி மூன்றாவதையும் சுற்றிக்கொண்டு கடைசிப் பேஸை நோக்கிப் பறக்கிறாள். அவள் போய்ச் சேர்ந்தால் சமன். அதற்குமேல் ஓட எங்கள் ஒருத்தியிடமும் மூச்சில்லை. அவளுடைய அகன்ற முதுகு நேரே என் கண்முன்னால். தவறவே தவறாது. என் கை தானாகவே ஓங்கிவிட்டது.

"எறியாதேங்கோ அக்கா! என்னட்டைத் தாங்கோ!"

கடைசிப் பேஸில் நின்ற கலியாணப் பொம்பிளை அலறினாள். கையுறையைக் கழற்றி வீசிவிட்டு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள். கடவுளே என்று அவளுடைய கைகளை மட்டும் பார்த்து எறிந்தேன். படீர் என்று சத்தம். பிடித்த பந்தோடு அவள் பாய்ந்து தொட, இரண்டு பேரும் புழுதிக்குள் விழுந்தார்கள்.

நடுவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விரல்களை மடக்கிக் கையை உயர்த்தினார். அவுட்!

ஒஃபீஸ் பெண்கள் ஏன் தோற்றோம் என்று தெரியாமல் விழித்தார்கள். பாவம், அவர்கள் ஒரு கோப்பைக்காக வந்தவர்கள். எங்களுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மணவறையில் அவளுடைய விரலொன்று வீங்கித்தான் இருந்தது. மண்டபத்தில் ஒரு பக்கம் மாப்பிள்ளையின் சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. மற்றப் பக்கம் வாடகைச் சேலைகளில் நாங்கள். ஐயர் நிமிர்ந்து, "பொம்பிளை வீட்டார் ஆர்? முன்னுக்கு வாங்கோ" என்றார். எட்டுப் பேரும் கதிரைகளைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினோம். அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்தவள் எங்களைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். நாங்களும் அழுதோம்.

இந்த நாட்டில் எனக்கு ஆர் இருக்கினம் என்று மனம் சோர்கிற நாட்களில், எட்டுக் கதிரைகள் ஒன்றாகப் பின்னால் தள்ளப்பட்ட அந்தச் சத்தத்தைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.